கருக்கலைப்புப் பிரிவுக்கு மகள் சரி என்றுவிட்டாள், தாய்க்குத் தூக்கமில்லை

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள், வயது 29. அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு சிஸ்டர், மகப்பேறுப் படிப்பும் முடித்தவர். அண்மையில் அந்த மருத்துவமனையில் கருக்கலைப்புப் பயிற்சிக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். வார்டில் வேறு யாரும் கை தூக்கவில்லை, இவர் தூக்கிவிட்டார். பயிற்சி முடிந்ததும் வாரத்தில் சில நாள் அந்தப் பிரிவில்தான் வேலை.

அம்மாவுக்குப் பல கவலைகள். “தாய் உயிருக்கு ஆபத்து என்றால்தானே இதற்கு அனுமதி? நாளைக்குப் போலீஸ் வந்து நின்றால் என் பிள்ளையின் லைசென்ஸ் என்ன ஆகும்?” என்று கேட்கிறார். அமெரிக்காவில் ஒரு டாக்டரைத் தேவாலயத்துக்குள்ளேயே சுட்டுக்கொன்ற செய்தியை யூடியூபில் பார்த்ததிலிருந்து பயம் இரட்டிப்பாகியிருக்கிறது. வார்டில் சிலர் இப்போதே மகளோடு சேர்ந்து டீ குடிப்பதில்லை. யாரோ அவருடைய லாக்கரில் “கொலைகாரி” என்று எழுதிய சீட்டைச் செருகியிருக்கிறார்கள். டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து நல்ல சம்பந்தம் ஒன்று பேசி வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தாய் கோயில் கமிட்டியில் இருக்கிறவர். “ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீடு, டாக்டர், எங்கள் வீடு. இந்தப் பாவம் எங்கே போய் முடியும்? என் மகள் நல்ல மனசுக்காரி. யாரோ அவள் மனதைக் கலைத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் பிள்ளை பெற வைக்கிற கையால் இதைச் செய்ய எப்படி மனசு வரும்? அவளை நிறுத்த ஒரு வழி சொல்லுங்கள்.”

கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரே ஒரு வரி: “போன வருஷம் ராத்திரி டியூட்டியில் 19 வயசுப் பிள்ளை ஒன்று வந்ததாம், கருப்பையையே எடுக்க வேண்டியதாகிவிட்டதாம், அதிலிருந்துதான் இவள் இப்படி.”

(ஊர் தவிர மற்ற அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

அக்கா,

நிறுத்த வழி கேட்டீர்கள். தன் தொழிலை நன்றாகத் தெரிந்த 29 வயதுப் பெண்ணை, அவளுக்குத் தெரியாமல் நானும் நீங்களும் சேர்ந்து நிறுத்துவது சரியாக இருக்காது. அதனால் அந்த வழியை நான் சொல்லப்போவதில்லை. அதற்காக உங்கள் பயத்தை அலட்சியம் செய்யவும் மாட்டேன். அதில் ஒரு பகுதி முற்றிலும் நியாயமானது. மகப்பேறு மருத்துவராக இத்தனை ஆண்டு இருந்தவள் என்ற முறையில் அது எனக்குத் தெரியும். இன்னொரு பகுதி பழைய சட்டத்தின் நினைவிலிருந்தும் வேறு நாட்டுச் செய்தியிலிருந்தும் வந்தது. அதை முதலில் இறக்கி வைத்துவிடுவோம். பிறகுதான் உண்மையான பாரம் எது என்று தெரியும்.

போலீஸ் வருமா?

வராது. உயிருக்கு ஆபத்து என்றால்தான் அனுமதி என்று நீங்கள் நினைப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் மிச்சம். அந்தச் சட்டத்தில் பெண்ணின் விருப்பத்துக்கு இடமே இல்லை. செய்யப்போகிற டாக்டர் போக வேறு இரண்டு டாக்டர்கள் சான்று தர வேண்டும். பலாத்காரத்தால் வந்த கர்ப்பம் என்றால் மாஜிஸ்ட்ரேட் வரை போக வேண்டும். இத்தனையும் தாண்டி நாடு முழுவதும் ஆண்டுக்கு ஆயிரம் பேர் அளவில்தான் சட்டப்படி கருக்கலைப்பு கிடைத்தது. அவர்களிலும் பெரும்பாலோர் வசதியுள்ள வெள்ளைக்காரப் பெண்கள். இந்தியர்கள் வாழ்ந்த சாட்ஸ்வொர்த்திலும் கறுப்பினத்தவர் வாழ்ந்த உம்லாசியிலும் இருந்தவர்களுக்கு அந்தக் கதவு திறந்ததே இல்லை என்று சொல்லலாம்.

மண்டேலா ஆட்சியில் 1996இல் புதிய சட்டம் நிறைவேறி, 1997 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் 12 வாரத்துக்குள் பெண் கேட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 13 முதல் 20 வாரம் வரை, அவளுடைய உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ ஆபத்து, கருவில் கடுமையான குறை இருக்கும் வாய்ப்பு, பலாத்காரம் அல்லது முறைகேடான உறவு, அவளுடைய சமூக, பொருளாதார நிலையைப் பெரிதும் பாதிக்கும் நிலைமை, இவற்றில் ஒன்று இருப்பதாக டாக்டர் கருத வேண்டும். 20 வாரத்துக்குப் பிறகு மிகக் கடுமையான மருத்துவக் காரணங்கள் மட்டுமே. எந்தக் கட்டத்திலும் சம்மதம் அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். அவள் நினைவோடும் முடிவெடுக்கும் நிலையிலும் இருக்கும்வரை, கணவனோ மாமியாரோ பெற்றோரோ அவளுக்காக முடிவெடுக்க முடியாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவளானால், வீட்டில் சொல்லும்படி அறிவுரை கூற வேண்டும். அவள் மறுத்தால் அதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது.

உங்கள் மகளின் பங்கு எங்கே வருகிறது? 12 வாரம் வரை, அதற்கான பயிற்சி பெற்ற மகப்பேறுச் செவிலியர் செய்யலாம் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. பதிவு பெற்ற மற்ற நர்ஸ்களையும் 2004இல் திருத்தம் கொண்டுவந்து சேர்த்தார்கள். மக்களிடம் போதுமான கருத்துக் கேட்கவில்லை என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2006இல் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. மறுபடி முறையாகக் கருத்துக் கேட்டு 2008இல் திரும்பவும் நிறைவேற்றினார்கள். இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மகள் கற்றுக்கொள்வது ஒளித்து மறைத்துச் செய்கிற வேலை அல்ல. நாடாளுமன்றமும் நீதிமன்றமும் பகிரங்கமாக அலசி, எதிர்த்தவர்களின் வாதத்தையும் கேட்டு, அனுமதித்த வேலை. சட்டப்படி நடக்கும் கருக்கலைப்பைத் தடுப்பவருக்கும், அந்த இடத்துக்குப் போகும் வழியை மறிப்பவருக்கும்தான் அபராதமோ 10 ஆண்டு வரை சிறையோ இருக்கிறது. பயிற்சியில்லாமலும் அனுமதி பெறாத இடத்திலும் செய்பவருக்கும் தண்டனை உண்டு. பயிற்சிச் சான்றும், அங்கீகரிக்கப்பட்ட இடமும், ஒழுங்கான பதிவேடும் இருக்கும்வரை அவளுடைய லைசென்ஸுக்கு ஒன்றும் வராது.

இன்னொரு சந்தேகத்தையும் கேட்டிருந்தீர்கள்: நாளை அவளுக்கே மனம் ஒப்பாமல் போனால் மாட்டிக்கொள்வாளா? மாட்டாள். மனசாட்சிச் சுதந்திரம் நம் அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவில் இருக்கிறது. இந்தச் செயலைச் செய்ய முடியாது என்று ஒரு நர்ஸ் எழுத்தில் தெரிவிக்கலாம். ஆனால் வந்த பெண்ணுக்கு அவளுடைய உரிமையைச் சொல்லி, செய்பவரிடம் அனுப்ப வேண்டும். உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தவளைப் பார்க்க மாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. டீ குடிக்க வராத அந்தச் சகோதரிகளுக்கும் இந்த உரிமையும் இந்தக் கடமையும் சேர்ந்தே இருக்கின்றன.

அவள் மனதை யார் கலைத்தது?

உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த 19 வயதுப் பிள்ளை.

அவளுக்கு என்ன நடந்திருக்கும் என்பதை என்னால் ஓரளவு ஊகிக்க முடியும். டர்பன் ஸ்டேஷன் பக்கமோ வார்விக் சந்தைப் பக்கமோ நடந்தால் விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் ஒட்டியிருக்கிற சீட்டுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வலியில்லாமல், அன்றைக்கே, கர்ப்பப்பையைச் சுத்தம் செய்துவிடுவோம் என்று எழுதி ஒரு மொபைல் நம்பர் போட்டிருக்கும். என்ன மாத்திரை, எத்தனை வாரத்துக்கு எவ்வளவு, கர்ப்பம் கருக்குழாயில் தங்கியிருக்கிறதா என்று எதையும் பார்க்காமல் ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பாதி வெளியேறி பாதி உள்ளே தங்கிவிட்டால் ரத்தப்போக்கு, கிருமித்தொற்று, காய்ச்சல். பிரசவ வார்டுக்கு வந்து சேரும்போது சில சமயம் கருப்பையைக் காப்பாற்ற முடிவதில்லை. 19 வயதில் இனிப் பிள்ளை இல்லை என்றாகிவிடுகிறது. அந்த ராத்திரி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் உங்கள் மகளும் ஒருத்தி.

அந்தப் பிள்ளைக்குச் சட்டம் எல்லா உரிமையையும் கொடுத்திருந்தது. சில கிலோமீட்டர் தூரத்தில், காசில்லாமல், முறையாகக் கிடைத்திருக்க வேண்டிய சிகிச்சை அது. ஏன் கிடைக்கவில்லை என்று உங்கள் மகள் தன்னைத்தானே கேட்டிருப்பாள். கொஞ்ச நாளில் வார்டில் ஆள் கேட்டார்கள். யாரும் கை தூக்கவில்லை. அந்த அறையிலேயே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நான் பயிற்சி டாக்டராக இருந்தது பழைய சட்டத்தின் கடைசி ஆண்டுகளில். அன்று பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்றே படுக்கைகள் நிரம்பிக்கிடக்கும். பின்னல் ஊசி, சோப்புத் தண்ணீர், யாரோ கொடுத்த கஷாயம். நாங்கள் கேட்டால் “படியில் விழுந்துவிட்டேன்” என்பார்கள், ஏனென்றால் உண்மையைச் சொன்னால் போலீஸ் என்று பயம். பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். நம் பெண்களும் இருந்தார்கள், நெற்றியில் திருநீறோடு. சிறுநீரகம் நின்றுபோய், ரத்தத்தில் கிருமி ஏறி, வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1994இல் எடுத்த தேசிய ஆய்வு, அரைகுறைக் கருக்கலைப்போடு அரசு மருத்துவமனைகளுக்கு வருகிறவர்கள் ஆண்டுக்குச் சுமார் 45,000 பேர் என்றும், அதில் இறக்கிறவர்கள் ஏறத்தாழ 425 பேர் என்றும் கணக்கிட்டது. புதிய சட்டம் வந்த சில ஆண்டுகளில் அந்த இறப்புகள் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. வேறு எந்த மருந்தும் எந்தக் கருவியும் இவ்வளவு சீக்கிரத்தில் இவ்வளவு பெண்களைக் காப்பாற்றியதை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

அது சட்டப் புத்தகத்தால் மட்டும் நடக்கவில்லை அக்கா. அந்தப் புத்தகத்தை நம்பி, ஒவ்வோர் ஊரிலும் ஒரு சிஸ்டர், ஒரு டாக்டர் முன்வந்ததால் நடந்தது. முன்வருகிறவர்கள் குறைந்தால் கம்பத்தில் ஒட்டியிருக்கிற நம்பருக்கு வியாபாரம் கூடும். அதுதான் இப்போது நடக்கிறது. 2017இல் ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு கொடுத்த கணக்குப்படி, நாட்டில் இதற்கென அனுமதி பெற்ற 505 இடங்களில் 264 மட்டுமே உண்மையில் இந்தச் சிகிச்சையைக் கொடுத்தன. கட்டடம் இருக்கிறது, கருவி இருக்கிறது, செய்ய ஆளில்லை.

உலகத்தில் மற்ற இடங்களிலும், இந்த வேலையில் இருப்பவர்களிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் இதே மாதிரியான பதில்தான் வரும். கனடாவில் வான்கூவரில் கார்சன் ரொமாலிஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். மாணவராக இருந்தபோது, தானே கருவைக் கலைக்கப் பார்த்து இறந்துபோன ஓர் இளம்பெண்ணின் கேஸை அவரிடம் படிக்கக் கொடுத்தார்கள். அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. 1994இல் வீட்டில் இருந்தவரைச் சுட்டார்கள், 2000இல் கத்தியால் குத்தினார்கள். இரண்டு முறையும் குணமாகித் திரும்ப இதே வேலைக்கு வந்தார். அமெரிக்காவின் தெற்கில் வில்லி பார்க்கர் என்ற கறுப்பின டாக்டர் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். பல ஆண்டுகள் கருக்கலைப்பு செய்ய மறுத்து வந்தவர். பைபிளில் வரும், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையை மார்ட்டின் லூதர் கிங் விளக்கிய விதம் அவரை மாற்றியது: ‘நான் நின்று உதவினால் எனக்கு என்ன ஆகும்’ என்று கேட்காமல், ‘நான் நிற்காவிட்டால் இவனுக்கு என்ன ஆகும்’ என்று கேட்பது. உங்கள் மகளின் வார்டில் சீட்டு எழுதிச் செருகியவரும் அதே பைபிளைப் படிக்கிறவராக இருக்கலாம். மனசாட்சி என்பது மறுப்பவர்களிடம் மட்டும் இருப்பதாக நாம் பேசிப் பழகிவிட்டோம். முன்வந்து செய்கிறவர்களையும் பெரும்பாலும் அதுதான் தள்ளுகிறது.

பணத்துக்காகச் செய்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அரசு மருத்துவமனையில் மாதச் சம்பளம்தான். எத்தனை பேருக்குச் செய்தாள் என்று எண்ணிக் கூலி கொடுப்பதில்லை. கொஞ்சம் கூடுதல் வேலையும் நிறையக் கூடுதல் பேச்சும்தான் கிடைக்கும்.

பிள்ளை பெற வைக்கிற கை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பிரிவில் ஒரு சிஸ்டர் நாள் முழுதும் என்ன செய்கிறாள் என்று தெரிந்தால் அந்த வாக்கியம் உங்களுக்கு வேறு மாதிரி கேட்கும். எத்தனை வாரம் என்று கணக்கிடுவாள், கர்ப்பம் கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்ப்பாள், ரத்தவகை பார்ப்பாள், எச்ஐவி பரிசோதனை வேண்டுமா என்று கேட்பாள். பெரும்பாலும் மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரை ஒன்று, ஓரிரு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். அல்லது உறிஞ்சு குழாயால் சில நிமிட சிகிச்சை. அதைவிட அதிக நேரம் பேச்சில் போகும். அழுதுகொண்டு வருகிறவளிடம் “இது உன் முடிவா, வேறு யாராவது அனுப்பினார்களா?” என்று தனியாகக் கேட்பாள். காதலனோ மாமியாரோ தள்ளி அனுப்பியிருந்தால் அங்கேயே அது வெளிப்படும். நல்ல சிஸ்டர் அவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பி, பிரசவப் பதிவுக்கு வழி சொல்வாள். முடிவெடுக்க முடியாமல் தவிப்பவளை அவசரப்படுத்த மாட்டாள். பெற்றுக்கொள்வதோ வேண்டாமென்பதோ, அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்த பதிலாக இருக்க வேண்டும் என்பதைக் காவல் காப்பதுதான் அங்கே பெரிய வேலை. பிறகு அடுத்த முறை இந்த நிலை வராமலிருக்கக் கருத்தடை முறையும் சொல்லி அனுப்புவாள். இதற்குக் கல் நெஞ்சு உதவாது. உங்கள் மகளைப்போல் மனசுள்ளவர்கள்தான் இதற்குத் தேவை.

ஆபத்து எங்கே இருக்கிறது

நீங்கள் யூடியூபில் பார்த்தவர் டாக்டர் ஜார்ஜ் டில்லராக இருக்க வேண்டும். கான்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா நகரில், 2009 மே 31 ஞாயிற்றுக்கிழமை, தன் தேவாலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முன் 1993இலும் அவரை ஒரு முறை சுட்டிருந்தார்கள். அப்போது பிழைத்து மறுபடி வேலைக்கு வந்தார். 1993இல் டேவிட் கன், 1998இல் பார்னெட் ஸ்லெபியன் என்று வேறு டாக்டர்களும் அங்கே கொல்லப்பட்டார்கள். அந்த நாட்டின் அரசியல் வேறு, துப்பாக்கியோடு வந்து கிளினிக் வாசலில் நிற்கும் இயக்கங்களின் வரலாறு வேறு. அதை அப்படியே சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து தூக்கம் கெட வேண்டாம். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தனியாக வண்டியெடுக்கும் ஆபத்து நம் ஊரில் எல்லா நர்ஸுக்கும் இருக்கிறது. அதற்கு என்ன செய்கிறாளோ அதையே தொடரட்டும்.

உண்மையான ஆபத்து நீங்கள் ஏற்கெனவே பார்த்தது: லாக்கர் சீட்டு, தனியே டீ. கேட்கச் சின்ன விஷயம் போலிருக்கும். ஆனால் இந்த வேலையை நல்ல சிஸ்டர்கள் விட்டுவிட்டுப் போவதற்குப் பெரிய காரணம் இதுதான். செய்கிறவர் ஒருத்தி என்றால் எல்லோரையும் அவளிடமே அனுப்புவார்கள், லீவு எடுத்தால் பிரிவையே மூட வேண்டி வரும், எடுக்காவிட்டால் அவள் உடைந்துபோவாள். வீட்டுக்கு வந்தும் பேச முடியாவிட்டால் இரண்டு பக்கமும் சுவர்.

அவளிடம் நீங்கள் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. குறுக்கு விசாரணையாக வேண்டாம், ஒரு நாள் சாவகாசமாக.

முதலாவது, எந்தப் பகுதியில் வேலை? 12 வாரத்துக்குள் மட்டும் என்றால் ஒன்று. அதற்குப் பிறகுள்ளதை டாக்டர்தான் செய்ய வேண்டும் என்றாலும், அந்த வார்டில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வது நர்ஸ்கள்தான். மருந்து கொடுத்து, வலி வந்து, எல்லாம் முடியும்வரை கூட இருக்க வேண்டும். மனதுக்கு மிகவும் கனமான வேலை அது. பல ஆண்டு அனுபவமுள்ளவர்களே அசந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். தன்னால் எது முடியும், எது முடியாது என்பதை அவள் பொறுப்பேற்கும் முன்பே மேட்ரனிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, கூட யார்? தனியாளாக ஏற்க வேண்டாம். இன்னொருவருக்கும் பயிற்சி கொடுக்கும்படி எழுத்தில் கேட்கட்டும். சுழற்சி முறை, மாதம் ஒரு முறையாவது மனம்விட்டுப் பேச ஒரு கூட்டம், இவற்றைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. நம் நாட்டில் இந்தச் சட்டம் வந்த காலத்திலிருந்தே, மருத்துவமனை ஊழியர் எல்லோரையும் உட்கார வைத்து, அவரவர் நம்பிக்கையையும் தொழில் கடமையையும் பிரித்துப் பேச வைக்கும் பயிற்சிப் பட்டறைகள் நடந்து வருகின்றன. அப்படி ஒன்றை அவள் வார்டில் நடத்தச் சொல்லலாம். எதிர்ப்பவர் எல்லோரும் மாறிவிட மாட்டார்கள், மாற வேண்டும் என்ற அவசியமும் இல்லை. சீட்டு எழுதுவது மட்டும் நின்றுவிடும்.

மூன்றாவது, அந்தச் சீட்டு எங்கே? கிழித்துப் போடாமல் தேதி எழுதி வைத்துக்கொள்ளட்டும். சட்டப்படியான வேலையைச் செய்பவரை வேலையிடத்தில் அவமானப்படுத்துவது நிர்வாகம் கவனிக்க வேண்டிய விஷயம். தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இல்லையென்றால் இப்போதே சேர்ந்துவிடட்டும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். யார் வந்தார்கள் என்று அவளிடம் எப்போதும் கேட்காதீர்கள். வந்தவர்களின் அடையாளம் ரகசியமாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நம் ஊர் சிறியது. கோயில் கூழ் வரிசையில் உங்களுக்கு முன்னால் தூக்குச் சட்டியோடு நிற்கிறவளும் ஒரு நாள் அவளிடம் வந்திருக்கலாம்.

பாவம் பற்றி

இது பாவமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் பூசாரியும் அல்ல, போதகரும் அல்ல. கருவிலிருக்கும் உயிரை எண்ணி உங்கள் மனம் கலங்குவதை நான் குறைவாக மதிப்பிடவில்லை. இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கும் அந்தக் கலக்கம் அடியோடு இல்லை என்று நினைக்காதீர்கள். கலங்காதவர்களைவிடக் கலங்கியும் செய்கிறவர்களை நான் அதிகம் நம்புவேன். உங்கள் மகள் செய்வதை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. ஏற்காமலும் அவளுக்குச் சோறு போட்டு, களைத்து வரும்போது கால் நீட்ட இடம் கொடுக்க முடியும். அவள் செய்யாவிட்டால் ஒரு கருக்கலைப்பு குறையும் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பழைய சட்டத்தின் காலத்தில் குறையவில்லை. பெண்கள்தான் குறைந்தார்கள்.

கல்யாணப் பேச்சு

மாப்பிள்ளை வீட்டில் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், கல்யாணம் முடியட்டும் என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கோயில் கமிட்டிக்கோ பக்கத்து வீட்டுக்கோ அவள் எந்த வார்டில் வேலை செய்கிறாள் என்று யாரும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டால் “மகப்பேறுப் பிரிவு” என்பது உண்மையான பதில்தான். ஆனால் கட்டிக்கொள்ளப்போகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை அவளே, தன் வாயால், நிச்சயத்துக்கு முன் சொல்லட்டும். நீங்கள் முந்திக்கொண்டு மாமியார்க்காரியிடம் சொல்லிவிட்டால் வேறு நிறத்தில் போய்ச் சேரும். இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். இதைக் கேட்டு அவர்கள் பின்வாங்கக் கூடும். அது உங்களுக்குப் பெரிய வலியாக இருக்கும், ஊர் வாயும் சும்மா இராது. ஆனால் பத்து வருஷம் வாழ்ந்த பிறகு லாக்கர் சீட்டு எழுதுகிற கை வீட்டுக்குள்ளேயே இருந்தால் அதை அவள் எங்கே போய்ச் சொல்வாள்? அதே சமயம், பிள்ளை பெற்ற பெண்களைப் பார்த்து வளர்ந்த பல மாமியார்கள், ஊர் நினைப்பதைவிட அதிகம் புரிந்துகொள்வதையும் நான் கண்டிருக்கிறேன். அந்தக் கமிட்டி அம்மாள் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் “அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்” என்று கடைசியில் குறித்திருந்தீர்கள். இந்தப் பதிலை அவளிடம் காட்டுங்கள். அந்த 19 வயதுப் பிள்ளையைப் பற்றி அவளிடம் முழுதாகக் கேளுங்கள். உங்களிடம் பாதிதான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். பயிற்சியைப் பற்றியோ மேட்ரனுக்கு எழுத வேண்டிய கடிதத்தைப் பற்றியோ அவளுக்குச் சந்தேகம் இருந்தால் அடுத்த முறை அவளே எனக்கு எழுதட்டும்.